ஸ்ரெச்சரில் போனது யார்?

முருங்கன்
செவ்வாய்க்கிழமை

மதிப்புக்குரிய மச்சான் ஏரம்பு அவர்களுக்கு,

வவுனியாவில் நீங்களும் வீட்டாரும் குறைவில்லாமல் இருக்கத் திருக்கேதீச்சர நாதர் துணை செய்வாராக. இங்கு நானும் வயலும் மாடுகளும் நலம். உங்கள் தங்கை இந்திராதேவியும் நலம்தான். ஆனால் சனிக்கிழமை தொடக்கம் என்னோடு கதைப்பதில்லை. போனில் உங்களுக்குக் காது சரியாகக் கேளாது, இந்த விஷயத்தைச் சத்தமாகச் சொல்லவும் என்னால் முடியாது. ஆகையால் எழுதுகிறேன்.

எங்கள் சாரணர் குழுவுக்கு இந்த வருடம் அறுபது வயது. இப்போது குழுவை நடத்தும் கத்தரின் ரீச்சர் வீடு தேடி வந்து, "ஐயா, நீங்கள்தான் குழுவின்ரை வரலாற்றை எழுதவேணும். உங்களைப்போல வீரன் வேறை ஆர் இருக்கினம்?" என்றார். எழுபத்து நாலில் முள்ளிக்குளம் பாசறையில் எலும்பு முறிந்த ஒருவனை நான் இரண்டு மைல் ஸ்ரெச்சரில் சுமந்தேன் என்ற கதையைத்தான் சொன்னார். அந்தக் கதையைக் கேட்டுத்தானே உங்கள் அப்பா எனக்குப் பெண் தந்தார்! பெண் பார்க்க வந்த அன்றே, "தம்பி, ஆளைத் தூக்கிக்கொண்டு போனது நீர்தானே?" என்று கேட்டார். நான் ஓம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. வாயில் முறுக்கு இருந்தது. அதைக் கடித்து விழுங்குவதற்குள் நாள் குறித்துவிட்டார்கள்.

நானும் எழுதத் தொடங்கினேன். முதல் அத்தியாயம் முழுக்க நான்தான். இரண்டாவதுக்குத் தகவல் தேடியபோது, அந்த நாளில் குழுவின் செயலாளராக இருந்த இன்சாப் வந்தார். தொண்ணூறில் மற்ற முஸ்லிம் சனங்களோடு அவரும் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் போக நேர்ந்தபோது, கைக்கு அகப்பட்ட கொஞ்சச் சாமான்களோடு குழுவின் நாட்குறிப்புக் கொப்பியையும் சீமெந்துப் பையில் சுற்றிக் கொண்டுபோயிருக்கிறார். நாங்கள் இந்தியாவில் அகதிகளாய் மண்டபம் முகாமில் கழுத்துத் துண்டுகூட இல்லாமல் சனிக்கிழமைகளில் கூடி முடிச்சுப் போட்டுப் பழகிய அதே காலத்தில், அவரும் அங்கே பிள்ளைகளைச் சேர்த்து அதையே செய்தாராம். கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. கொப்பியை விரித்த பிறகு வேறு காரணத்துக்காகக் கலங்கியது.

"முதலுதவிப் பயிற்சி. நோயாளியாக நடித்தவர் விசுவலிங்கம். கண்ணையும் சேர்த்துத் தலை முழுக்கக் கட்டு. வேறு குழுச் சாரணர் இருவர் தூக்கினர். பின்னால் பிடித்தவர் நாயைக் கண்டு கைவிட்டார். நோயாளிக்கு மெய்யாகவே தோளெலும்பு முறிந்தது. பஸ் வரைக்கும் இரண்டு மைலும் ஸ்ரெச்சரில் அழுதபடி சென்றார்."

இன்சாப் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கொப்பியை மூடினார்.

"இந்தப் பக்கத்தைக் கறையான் திண்டிட்டுதெண்டு சொல்லுவம், விசு."

முப்பத்தைந்து வருடம் ஒரு கறையானையும் அண்டவிடாமல் காத்த மனுசன், எனக்காக ஒரு பொய்க் கறையானைக் கூப்பிடுகிறார்! அதுவரை வராத வெட்கம் அப்போதுதான் வந்தது, மச்சான்.

சனிக்கிழமை விழாவில் மேடையேறி அந்தப் பக்கத்தை நானே வாசித்தேன். "அழுதபடி" என்ற இடத்தில் மண்டபமே குலுங்கியது. கத்தரின் ரீச்சர் சிரித்த சிரிப்பில் அவர் உட்கார்ந்திருந்த கதிரையின் கால் போய்விட்டது. கடைசியில் எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். உங்கள் தங்கை மட்டும் சிரிக்கவுமில்லை, தட்டவுமில்லை. வீட்டுக்கு வந்து சோறு போட்டாள், குழம்பு ஊற்றவில்லை. இன்றைக்கு நான்காம் நாள், வெறுஞ்சோறு.

உங்கள் குடும்பத்தை நாற்பது வருடம் ஏமாற்றியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கோ. தங்கையிடமும் எனக்காக ஒரு சொல் சொல்லிவிடுங்கோ. மச்சாளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் அன்பு, ஆசி.

இப்படிக்கு,
தலைகுனிந்த மைத்துனன்
விசுவலிங்கம்

பி.கு: உறையை ஒட்டமுன் இந்திராதேவி கடிதத்தைப் பறித்து வாசித்துவிட்டாள்.

"உங்கடை கதை பொய்யெண்டு கலியாணத்துக்கு முதலே எனக்குத் தெரியும். நாயைக் கண்டு கைவிட்டது எங்கடை அண்ணாதான். விழுத்தின பாவத்துக்குத்தான் அப்பாவிட்டை உங்களை வீரனாக்கினவர். பேர் இல்லாட்டியும், அண்ணாவைச் சபையிலை வைச்சு நாய்க்குப் பயந்தவரெண்டு வாசிச்சியளே, அதுதான் எனக்குக் கோபம்!" என்கிறாள்.

ஆகவே, மேலே கேட்ட மன்னிப்பை மீளப் பெறுகிறேன். உங்களுடையதை எழுத்தில் அனுப்புங்கோ. புத்தகம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை.