பாக்கெட்டில் ஒரு தங்கச்சி

மார்ச் 3, செவ்வாய்.

நேற்று எழுதிய எண் தவறு. நீலமாகிப் போன சட்டைகள் எழுபத்தாறு அல்ல, எழுபத்தெட்டு. என் மேசைக்கு அடியில் நானே ஒளித்து வைத்த இரண்டைச் சேர்க்க மறந்துவிட்டேன்.

இதை எழுதிவிட்டு அவள் பேனாவை மூடினாள். மறுபடி திறந்து, ‘மறந்துவிட்டேன்’ என்பதை அடித்து, ‘சேர்க்கவில்லை’ என்று திருத்தினாள்.

அந்தச் சலவை நிலையத்தில் அவளுக்கு ‘நோட்டு’ என்று பெயர். மேற்பார்வையாளர் வேலை. எதைக் கேட்டாலும் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துத்தான் பதில் சொல்வாள். “காபி குடிச்சாச்சா?” என்று கேட்டாலும் அப்படித்தான்.

எழுபத்தெட்டும் ஒரு ஹோட்டல் சர்வர்களின் வெள்ளைச் சட்டைகள். ஏதோ ஒரு பாக்கெட்டில் கிடந்த ஒரே ஒரு பேனா மெஷினுக்குள் போய் அத்தனையையும் ஆகாயம் ஆக்கிவிட்டது. ‘மெஷினில் போடும் முன் பாக்கெட்டைப் பார்க்கவும்’ என்று சுவரில் நான்கு இடங்களில் எழுதி ஒட்டியிருந்தது. ஒட்டியவள் அவள்தான். நான்கில் ஒன்றின் மேல் யாரோ ஆணி அடித்துச் சாப்பாட்டுப் பை மாட்டியிருந்தார்கள்.

முதலாளி கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“இன்னொரு சட்டை நீலமாச்சுன்னா ஹோட்டல்காரங்க போயிடுவாங்கம்மா. அவங்க போயிட்டா மேற்பார்வைக்குன்னு தனியா ஒரு நாற்காலி எதுக்கு? நீயே சொல்லு.”

அவள் நோட்டைப் புரட்டினாள்.

வாரம் மூன்று நாள் அவள் மாலை வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். வேலையிடத்துப் பழக்கங்களை மாற்றுவது எப்படி என்பது பாடம். அன்று மாலை ஆசிரியர் சொன்னதை வரி விடாமல் எழுதிக்கொண்டாள்.

“அறிவிப்பை யாரும் படிச்சு முடிக்க மாட்டாங்க. கதையை யாரும் பாதியில விட மாட்டாங்க. ஒரு ஆள், ஒரு இழப்பு. கேக்கறவங்க கண்ணு கலங்கற இடத்துல டக்குனு நிறுத்திடணும்.”

புதன்கிழமை காலை, துணி பிரிக்கும் மேசையைச் சுற்றி நின்ற ஆறு பெண்களுக்கும் இஸ்திரிக்காரருக்கும் அவள் கதை சொன்னாள். குரல் நடுங்கியது. அது கதைக்குப் பொருத்தமாகவே இருந்தது.

வேறொரு ஊர், வேறொரு சலவை நிலையம். அங்கே ஒரு சர்வர். இருபது வருடம் முன்பு பிரிந்த தங்கச்சியின் போன் நம்பர் அன்று காலையில்தான் கிடைத்தது. சீட்டில் எழுதிச் சட்டைப் பாக்கெட்டில் வைத்தார். சட்டை சலவைக்குப் போனது. பாக்கெட்டை யாரும் பார்க்கவில்லை. சீட்டு பஞ்சாக வெளியே வந்தது.

“இப்பவும் அவர் தினம் சாயங்காலம் பஸ் ஸ்டாப்ல நிக்கறாராம். தங்கச்சி எந்த பஸ்லயாவது வருவான்னு.”

அதோடு நிறுத்தினாள்.

மேசைக்குத் தலைவி மாதிரி இருந்த பெரியக்கா மூக்கை உறிஞ்சினார். அவர் கையில் அப்போது இருந்தது ஹோட்டலின் சுத்தமான துவாலை.

அன்று முழுவதும் ஒவ்வொரு பாக்கெட்டையும் மூன்று தடவை துழாவினார்கள். பல்குத்தும் குச்சி, பட்டன், பஸ் டிக்கெட். ‘பிழை எதுவும் இல்லை’ என்று நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டாள்.

வியாழன் மதியம் முதலாளியிடமிருந்து போன்.

“பெரியக்கா எங்கே?”

“சாப்பிடப் போயிருக்காங்க சார்.”

“ஆமா, ஹோட்டலுக்குத்தான் போயிருக்கு! பாக்கெட்ல கிடைச்ச ஒரு சீட்டைப் பிளாஸ்டிக் கவர்ல போட்டு எடுத்துக்கிட்டு, ஆளுங்க சாப்பிடற இடத்துல நடுவுல நின்னு அழுதுக்கிட்டே படிச்சுதாம். ‘சூப் ரெண்டு, காரம் கம்மி, ஏழாம் நம்பர்’னு. படிச்சுட்டு, ‘இது யாரோட தங்கச்சி’ன்னு கேட்டுச்சாம்!”

திரும்பி வந்த பெரியக்காவிடம் அவள் மெதுவாகக் கேட்டாள். “அது ஆர்டர் சீட்டுன்னு தெரியலையாக்கா?”

“தெரிஞ்சுது மேடம். ஆனா அதுல ஒரு நம்பர் இருந்துச்சே. மனசு கேக்கல.”

கண் கலங்கும் இடத்தில் நிறுத்தியது தன் பிழையோ என்று அவளுக்குத் தோன்றியது. வெள்ளிக்கிழமை இரண்டாவது கதை. ஒரு பெண் பாக்கெட்டில் கிடைத்த சீட்டைப் படித்துப் பார்த்து, சட்டைக்காரரின் வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். வாங்கியது மனைவி. சீட்டில் இருந்தது ஒரு பெண்ணின் பெயர்; அது அவருடைய பல் டாக்டரின் பெயர். விளக்கம் சொல்வதற்குள் மனைவி மிக்சியையும் எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

“அந்த மனுஷன் இன்னும் வெறும் பிரெட்தான் சாப்பிடறாராம்.”

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அரை மணி கழித்து வந்து பார்த்தால், இருநூறு சட்டைகள் மேசைமேல் மலையாகக் கிடந்தன. ஆறு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

“என்னக்கா ஆச்சு?”

“பாக்கெட்ல கை விட மாட்டோம் மேடம். ஒரு குடும்பம் எங்க கையால உடைய வேணாம்.”

“படிக்காதீங்கன்னுதான் சொன்னேன். பாக்காதீங்கன்னு சொல்லலையே!”

“கண்ணு இருக்கே மேடம். பட்டா படிச்சுடுமே.”

நான்கு மணிக்கு ஹோட்டல் வேன் வந்துவிடும். இருநூறு சட்டைகளின் பாக்கெட்டையும் அவளே துழாவினாள். விரல்கள் மரத்துப் போயின. இஸ்திரிக்காரர் சட்டையைத் தேய்த்தபடியே சொன்னார்.

“கதையை விட்டுட்டு, ‘பாக்கெட்டைப் பாருங்க’ன்னு நேராச் சொல்லிப் பாக்கலாமே?”

“ஆறு மாசமாச் சொல்லிட்டுத்தான் இருந்தேண்ணா.”

“நான் கேட்டதே இல்லையே.”

சனிக்கிழமை மூன்றாவது கதை. இந்தத் தடவை சுபமான முடிவு என்று இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். கிடைத்த சீட்டைப் படிக்காமல் மடித்து உறையில் போட்டுத் திருப்பி அனுப்புகிறாள் ஒரு பெண். அது போய்ச் சேர்கிறது முதல் கதையின் பஸ் ஸ்டாப் சர்வரிடம்; உள்ளே மறுபடி கிடைத்த தங்கச்சியின் நம்பர்.

“நம்ம பஸ் ஸ்டாப் அண்ணனா?” பெரியக்கா துள்ளினார். “தங்கச்சி கிடைச்சாச்சா? கல்யாணம் ஆயிடுச்சா? எத்தனை பசங்க?”

“அது... ரெண்டு.”

“மாப்பிள்ளை எப்படி?”

“நல்லவர்தான்னு...”

“அப்புறம்?” என்றார் இஸ்திரிக்காரர்.

அப்போதுதான் புகை வந்தது. மேசைவிரிப்பில் இஸ்திரிப் பெட்டி தன் முழு உருவத்தையும் பதித்திருந்தது.

கதையில் வந்தது போலவே நூறு உறைகள் வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். ஞாயிறு முழுவதும் ராஜினாமா கடிதம் எழுதிப் பழகினாள். எழுத்து நன்றாக வந்தது.

ஆனால் அடுத்த பத்து நாட்களில் ஒரு சட்டைகூட நீலமாகவில்லை. ஒரு கைக்குட்டையில்கூடக் கறை இல்லை. நோட்டில் பத்துப் பூஜ்யங்கள் வரிசையாக நின்றன.

“என்னம்மா மாயம் பண்ணினே?” முதலாளி முதல் தடவையாக அவளுக்காக நாற்காலியை இழுத்துப் போட்டார். “உக்காரு, இது உன்னுதுதான். பஸ் டிப்போ சட்டைங்களும் நாளையிலேருந்து நமக்கே வருது. முன்னூறு கண்டக்டருங்க. ஒவ்வொருத்தர் பாக்கெட்லயும் பேனா இருக்கும், பாத்துக்க.”

அவள் உட்கார்ந்தாள். கதை ஜெயித்துவிட்டது என்று வகுப்பில் எப்படிச் சொல்வது என யோசித்தாள். முறையாகச் சொல்ல எண்ணிக்கை வேண்டும். எத்தனை உறைகள் செலவாயின என்று எண்ணப் போனாள்.

நூறும் அப்படியே இருந்தன.

“அக்கா, பாக்கெட்டுல கிடைக்கறதை எங்கே வைக்கறீங்க?”

“எந்த பாக்கெட்டு மேடம்?”

“சட்டைப் பாக்கெட்டுக்கா! பாக்கறீங்கதானே?”

“அதுக்கெங்கே நேரம்?” பெரியக்கா மூட்டையை அவிழ்த்து அப்படியே மெஷினுக்குள் கொட்டினார். “தங்கச்சி வீட்டுல அண்ணனை எப்படிக் கவனிச்சாங்கன்னு பேசிக்கிட்டே போட்டுடறோம். மாப்பிள்ளை மேல எனக்கு ஒரு சந்தேகம் மேடம்...”

அவள் வாசலுக்கு ஓடினாள். ஹோட்டல் வேன்காரர் அடுத்த மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தார். அதைப் பிரித்து ஒரு சட்டையை எடுத்தாள். பாக்கெட் காலி. இன்னொன்று, காலி. இருபது சட்டைகள் பார்த்தாள். ஒரு குச்சிகூட இல்லை.

“உங்க ஆளுங்க பாக்கெட்டுல இப்பல்லாம் ஒண்ணுமே வைக்கறதில்லையாண்ணா?”

வேன்காரர் சிரித்த சிரிப்பில் தோளில் இருந்த மூட்டை நழுவியது.

“எப்படி மேடம் வைப்பாங்க? உங்க பெரியக்கா அன்னிக்கு சூப்போட நிறுத்தலையே! ‘நாளைக்கும் தலைவலின்னு சொல்லு, படத்துக்குப் போலாம்’னு இருந்த இன்னொரு சீட்டையும் எங்க மேனேஜர் முன்னாடியே சத்தமாப் படிச்சுட்டாங்க!”

மார்ச் 18, புதன்.

நாளை செய்ய வேண்டியது: பஸ் டிப்போ சட்டைகளில் ஒரு சீட்டாவது தேடி எடுத்துப் பெரியக்காவிடம் கொடுத்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் டிப்போவுக்கு அனுப்ப வேண்டும்.