அப்பாவை விட்டுச் சுவரைப் பிடிக்கும் கேமரா

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கச் சொல்லி அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள். நேற்றுதான் உன்னோடு ஃபோனில் பேசினாள். நீ நலம், கால் மட்டும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது என்பது எனக்கும் தெரியும். தெரிந்த விஷயத்தை அறிய எனக்கென்ன ஆவல்? இருந்தாலும் எழுதிவிட்டேன். அத்தான் நலமா, பேக்கரி நலமா, பன் சுடும் அந்தப் பழைய ஓவன் நலமா என்றும் கேட்டுவிட்டதாக வைத்துக்கொள். அம்மா இப்போதுதான் நகர்ந்தாள். இதை ஃபோனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். அப்பா பெயரை எடுத்தாலே நீ அழ ஆரம்பிக்கிறாய், அழுகிறவர்களுக்கு டெக்னிகல் விஷயம் காதில் ஏறாது. கடிதம் என்றால் அழுது முடித்துவிட்டுப் படிக்கலாம்.

நீ கேட்டது சின்ன வேலை. குழந்தை வருவதற்குள் ஒரு கேமரா வேண்டும், நமக்குக் கட்டுப்படியாகும் மிரர்லெஸ் கேமராக்களில் இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன், எது தேவலை என்று நீ சொல், முதல் படமாக அப்பாவை எடுத்து அனுப்பு, தொட்டிலுக்கு மேலே மாட்டணும் என்றாய். ஒரு சாயங்காலத்தில் முடித்துவிடலாம் என்று நானும் தலையாட்டினேன். இப்போது என் நிலைமையைக் கேள். தூக்கம் போய்விட்டது, லேபில் பெயர் கெட்டுவிட்டது, கேமரா கடைக்காரர் என்னைக் கண்டால் உள்ளே போய்விடுகிறார். இவ்வளவுக்கும் உன் கேள்விக்கு என்னிடம் இருப்பது அரைப் பதில்தான்.

முதலில் கடைக்காரரைச் சொல்லிவிடுகிறேன். இரண்டையும் மேஜையில் வைத்து, எது நல்லது என்று கேட்டேன். "ரெண்டுமே நல்லதுதான் சார், உங்க டேஸ்ட்டப் பொறுத்தது" என்றார். நான் பிரஷர் கேஜ்களைச் சரிபார்க்கும் லேபில் வேலை செய்கிறவன். ஒருவர் கேஜைக் கொண்டுவந்து இது சரியா தப்பா என்று கேட்கும்போது, உங்க டேஸ்ட்டப் பொறுத்தது சார் என்று நான் சொன்னால் எங்கேயோ ஒரு பாய்லர் வெடிக்கும். இதை அவரிடம் சொன்னேன். "கேமரா வெடிக்காது சார்" என்றார். அப்புறம் என்ன தோன்றியதோ, "ரெண்டையும் வாடகைக்கு எடுத்துட்டுப் போய் நீங்களே பாருங்க, ஆனா தயவுசெஞ்சு பிரிச்சுப் பாக்காதீங்க" என்று பையில் போட்டுக் கொடுத்தார். கம்பெனி பெயரைப் பார்த்து மனசு சாயக்கூடாது என்பதற்காக இரண்டின் மேலும் கறுப்பு டேப் ஒட்டி ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர் என்று வைத்துக்கொண்டேன். டேப்பின் பசை போகவில்லை. கடைக்காரர் உள்ளே ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது அப்பா. என்ஜினியரிங் படித்து, அவர் நாலு பேரிடம் சொல்லி வாங்கிக் கொடுத்த வேலையை உதறிவிட்டு நீ பன் சுடப் போன அன்று அவர் சொன்னது உனக்கு மறந்திருக்காது. "அவ முகத்துல நான் முழிக்க மாட்டேன், என் முகத்தையும் அவ பாக்க வேணாம்." அதிலிருந்து யார் ஃபோனைத் தூக்கினாலும் அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ரேஷன் கடைக்காரன் மணி பார்க்க ஃபோனை எடுத்தால்கூடத் திருப்பிக்கொள்கிறார். ஆகவே நான் ஃபோட்டோ என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. "அப்பா, ரெண்டு மெஷின டெஸ்ட் பண்ணணும். முகம் மாதிரி ஒரு பொருள் வேணும்" என்றேன்.

"பொருளா?"

"ஆமா. அசையாம, பேசாம, சிரிக்காம இருக்கணும்."

"அது ஒண்ணும் கஷ்டமில்ல" என்று தன் அறை நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

டெஸ்ட் என்றால் ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், மற்றதெல்லாம் அப்படியே இருக்க வேண்டும். அதே நாற்காலி, அதே வெளிச்சம், அதே சட்டை. நான் ஒன்றாம் நம்பரில் எடுத்துவிட்டு இரண்டாம் நம்பரைக் கையில் எடுப்பதற்குள் அம்மா சீப்போடு வந்து அவருக்குத் தலை வாரிவிட்டாள். வாரியது போதாதென்று சட்டையையும் மாற்றினாள். மொத்த ரீடிங்கும் வீண். ஏம்மா இப்படிப் பண்றே என்றேன். "போடா, நம்ம பொண்ணு பாக்கப் போற படம், காலர் கிழிஞ்ச சட்டையோடவா அனுப்புறது?" என்றாள். அப்பா மெதுவாக எழுந்தார். "அப்ப இது டெஸ்ட் இல்லியா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். "டெஸ்ட்தான் பா. அம்மாவுக்கு என்ன தெரியும்" என்றேன். "எனக்கு என்ன தெரியுமா?" என்று அம்மா ஆரம்பித்தாள். அதற்கப்புறம் ஒரு வாரம் எனக்குப் பொருளும் இல்லை, சோறும் ஒழுங்காக இல்லை. வாடகை மட்டும் ஏறியது. லேபில் மேலதிகாரியிடம் லீவு கேட்டபோது காரணம் சொல்லச் சொன்னார், சொன்னேன், சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஒருவழியாக அப்பா திரும்ப உட்கார்ந்தார். அப்போதுதான் ஒன்றாம் நம்பரின் குறைபாடு தெரிந்தது. அதற்கு மனிதக் கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதி உண்டு. கண் எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு சின்னக் கட்டம் போய் உட்காரும், ஃபோகஸ் அங்கே நிற்கும். விளம்பரத்தில் ஓடுகிற குழந்தையின் கண்ணைக்கூடப் பிடிக்கிறது. நம் வீட்டில் ஓடாத அப்பாவின் கண்ணைப் பிடிக்க மாட்டேன் என்கிறது. கட்டம் அவர் முகத்தில் ஒரு கணம் தடுமாறிவிட்டு, நேராகப் பின்னால் சுவருக்குப் போய் உன்மேல் உட்கார்ந்துவிடுகிறது. நீ பட்டம் வாங்கிய படம். அதில் உனக்குக் கண் முட்டைக் கண்ணாக இருக்கிறதா, கேமராவுக்கு அதுதான் வசதி. எத்தனை முறை எடுத்தாலும் உன் கண் இமை ஒவ்வொன்றாகத் தெரிகிறது, முன்னால் அப்பா இட்லிப் பானை ஆவி மாதிரி கலங்கலாக நிற்கிறார்.

ஹாலில் இருந்த அந்தப் படத்தை நீ போன மறுநாளே அப்பா கழற்றியது உனக்குத் தெரியும், அம்மா சொல்லியிருப்பாள். கழற்றியது உண்மைதான். கழற்றித் தன் அறையில், தன் நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருக்கிறார். பின்னால் இருந்தால் பார்க்க வேண்டியதில்லை என்று அம்மாவிடம் சொன்னாராம். அது அவர் இஷ்டம். என் பிரச்சினை டெஸ்ட். "அப்பா, அந்தப் படத்தை அஞ்சு நிமிஷம் இறக்கி வெச்சுடறேன்" என்றேன்.

"வேணாம்."

"ஃபோகஸ் அங்க போகுது பா."

"அது உன் மெஷினோட கோளாறு. படம் அங்கதான் இருக்கும். கழட்டுனா ஆணி ஆடும்."

"ஆடாதுப்பா."

"ஆடும். அடிச்சவன் நான்."

சரி, அவர் கண் ஏன் கேமராவுக்குத் தெரியவில்லை என்று தேடினேன். மூக்குக் கண்ணாடியில் ஒரு பளபளப்பு. அது எங்கிருந்து வருகிறது என்றால், எதிரே இருக்கும் அலமாரிக் கதவின் நிலைக்கண்ணாடியிலிருந்து. ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டு அவர் முகத்துக்கு வருகிறது. கதவைத் திறந்து சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டால் முடிந்தது. அதற்கும் விடவில்லை. "அலமாரிய ஏண்டா நோண்டற, உனக்கு என்ன வேணும், என்னையா படம் எடுக்கறே, அலமாரியையா?" என்று கத்தினார். மிரர் இல்லாத கேமராவை வாங்க வந்து ஒரு மிரரால் நான் படும் பாட்டைப் பார். அவர் குளிக்கப் போன நேரத்தில், அந்தக் கோணத்தை அளக்க அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்து பார்த்தேன். அங்கிருந்து பார்த்தால் கண்ணாடியில் ஜன்னல் ஓரத்தில் ஒரு கீற்றுதான், கட்டில் தெரியவில்லை. நீதான் தெரிகிறாய். நேருக்கு நேர், நட்டநடுவில். நாற்காலிக் காலுக்குக் கீழே தரையில் அடையாளம் விழுந்திருக்கிறது, அதை அவர் இம்மிகூட நகர்த்துவதில்லை. இதைப் பற்றி நான் எழுத வேறொன்றுமில்லை. அடுத்தது பேட்டரி.

பேட்டரி ஒன்றாம் நம்பரில் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. இரண்டாம் நம்பர் தாங்குகிறது. இரண்டாம் நம்பருக்குக் கண் தேடும் சாமர்த்தியம் எல்லாம் கிடையாது, நடுவில் எது இருக்கிறதோ அதைப் பிடிக்கும், ஆகவே அப்பா தெளிவாக வந்தார். வந்ததுதான் வினை. வாயை இறுக்கிக்கொண்டு, வட்டி கட்டாதவனைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறார். அம்மாவிடம் காட்டினேன். "அவரேதான். அப்படியே அவரேதான். இதத் தொட்டிலுக்கு மேல மாட்டினா குழந்தை பால் குடிக்குமாடா?" என்றாள். இப்போது என் நிலைமை உனக்குப் புரிந்திருக்கும். ஒரு கேமராவில் அப்பா இல்லை. இன்னொன்றில் அப்பா மட்டும்தான் இருக்கிறார். நீ கேட்ட படம் இரண்டிலும் இல்லை, அது எந்தக் கேமராவிலும் வராது என்று எனக்கு உறுதியாகிவிட்டது. அளக்க முடியாததை அளக்கப் போனது என் தப்பு.

ஆகவே அக்கா, முடிவு இதுதான். இரண்டாம் நம்பரையே வாங்கு. முன்னால் இருப்பவரை விட்டுவிட்டுப் பின்னால் இருப்பவரைப் பிடிக்கும் கேமரா எந்த வீட்டுக்கும் ஆகாது. அப்பா படத்தை எதிர்பார்க்காதே. தொட்டிலுக்கு மேலே ஏதாவது பூப்படம் மாட்டிக்கொள்.

கால்மாட்டில் தலையணை வைத்துத் தூங்கு, மாவு மூட்டையைத் தூக்காதே, பெற்றுப் பிழைத்து நல்லபடியாக இரு என்று அம்மா ஆசீர்வாதம் சொல்கிறாள். அத்தானுக்கு என் வணக்கம். அப்பா ஒன்றும் சொல்லச் சொல்லவில்லை. எதையும் விடக்கூடாது என்பதால் அதையும் குறித்துவிட்டேன்.

இப்படிக்கு,
நொந்துபோன உன் தம்பி

பின்குறிப்பு: மேலே எழுதியதில் முடிவை அடித்துவிடு. உறை தேடிப் போய்வருவதற்குள் அப்பா இந்தக் கடிதத்தை எடுத்து, மேஜைக்கு முன்னால் நின்றபடியே முழுக்கப் படித்துவிட்டார். வட்டி கட்டாதவன் என்ற இடத்தில் திட்டுவார் என்று பார்த்தேன், திட்டவில்லை. "எந்த நம்பர்ல அவ இமை தெரிஞ்சுது?" என்று கேட்டார். ஒன்றாம் நம்பர் என்றேன். "அதையே வாங்கு. கண்ணத் தேடுற மெஷின்தான் நல்ல மெஷின்" என்றார். பேட்டரி போதாதே என்றேன், இன்னொன்று சேர்த்து வாங்கச் சொல்கிறார். போய் வாங்கியும் ஆகிவிட்டது. பசை ஒட்டியதில் ஒன்றையாவது நாமே எடுத்துக்கொண்டதில் கடைக்காரர் கண்ணே கலங்கிவிட்டது.

இன்னொரு விஷயம். குழந்தையின் கண்ணை அது பிடிக்குமா என்று கேட்டார். விளம்பரத்தில் பிடிக்கிறது என்றேன். "விளம்பரத்த நம்புறியா? நீயெல்லாம் லேப்ல என்ன பண்றே? பொறந்து கொஞ்சம் தேறுனதும் தூக்கிட்டு வரச் சொல்லு. டெஸ்ட்டுதான், வேற ஒண்ணுமில்ல" என்றார். அதே நாற்காலியில் நீ குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார வேண்டுமாம், அவர் பக்கத்தில் நிற்பாராம், மற்றதெல்லாம் அப்படியே இருக்க வேண்டுமாம். ஒன்று மட்டும் மாறலாமாம். சுவரில் இருக்கும் படத்தை அன்றைக்குக் கழற்றிவிடலாம், ஆள் எதிரில் இருக்கும்போது படம் எதற்கு என்றார்.

ஆணி ஆடாது என்று நான் அன்றைக்கே சொன்னேன்.