அரியமங்கலத்தில் நிமிர்ந்த முதுகெலும்பு

முந்தாநாள் எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. காலேஜ் லேப்ல உடைஞ்சு கிடந்த முதுகெலும்பு மாடலை ரிப்பேர் பண்ணிட்டு வரணும்.

நான் பிசியோதெரபி காலேஜ் வாத்தியார். மாடல்னா, கழுத்துலேருந்து இடுப்பு வரைக்கும் முதுகெலும்பு, ரெண்டு பக்கமும் விலா எலும்புக்கூடு. எல்லாம் பிளாஸ்டிக். உள்ள ஓடுற இரும்பு ராடு முறிஞ்சு, ஆளு அப்படியே மடிஞ்சு உக்காந்துட்டாரு.

மறுநாள் பிராக்டிகல் எக்ஸாம். வெளியூர்லேருந்து எக்ஸாமினர் வராங்க. லேப் என் பொறுப்பு!

காலையில ஸ்ரீரங்கத்துல இருக்கற காலேஜ்லேருந்து ஸ்கூட்டர்ல கிளம்பினேன். பின் சீட்ல அவரை வச்சு, பெட்ஷீட் சுத்தி, கயிறு போட்டுக் கட்டியாச்சு. காவேரிப் பாலத்துல அடிச்ச காத்துல பெட்ஷீட் பறந்தே போயிருக்கு. எனக்குத் தெரியவே இல்ல.

சத்திரம் பஸ் ஸ்டாண்டு கிட்ட சிக்னல். பக்கத்து ஷேர் ஆட்டோலேருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்தாங்க.

"தம்பி, பின்னாடி இருக்கறவருக்கு ஏதாவது வாங்கிக் குடுப்பா. விலா எலும்பெல்லாம் தெரியுது!"

சிக்னலே சிரிச்சுது. பச்சை விழற வரைக்கும் நானும் சிரிச்சு வச்சேன்.

அரியமங்கலத்துல ரத்தினம் அண்ணனோட லேத் பட்டறை. எனக்குக் கிளாஸுக்கு நேரமாச்சு. "ராடு மாத்தணும்ணே. நல்லா நேரா நிக்கணும்"னு ரெண்டே வார்த்தையில சொல்லிட்டு ஓடி வந்துட்டேன்.

சாயங்காலம் போனா, மாடல் கொடிக்கம்பம் மாதிரி நிக்குது!

"எப்படி சார்? ரொம்பக் கோணலா இருந்துச்சு. ஒவ்வொரு எலும்பா பார்த்து நேராக்கிட்டேன்."

"அண்ணே, முதுகெலும்பு வளைஞ்சுதான் இருக்கணும்!"

"நீங்கதானே சார் நேரா நிக்கணும்னீங்க?"

அண்ணன் மாடலோட விலாப் பக்கம் கையைக் காட்டினாரு.

"இதையும் பாருங்க. கீழ, பக்கத்துக்கு ரெண்டு விலா எலும்பு, முன்னாடி பிடிமானமே இல்லாம தொங்கிச்சு. நீங்க கவனிக்கல போல. ஓட்டை போட்டு, கட்டுக்கம்பி விட்டு இழுத்துக் கட்டிட்டேன். ஜென்மத்துக்கும் அசையாது!"

மனுஷனுக்குக் கடைசி ரெண்டு ஜோடி விலா எலும்பு முன்னாடி எதோடவும் சேராது. வருஷா வருஷம் எக்ஸாம்ல கேக்கற கேள்வி அது!

"எல்லாருக்குமே அது அப்படித்தான்ணே இருக்கும்."

அவர் மெதுவா தன் விலாவைத் தடவிப் பார்த்தாரு. "எனக்குமா?"

"உங்களுக்கும்தான்."

"இதை முன்னாடியே சொல்லக் கூடாதா சார்? முப்பது வருஷமா வெயிட் தூக்குறேன்!"

கம்பியை வெட்டியாச்சு. இனி ராடை வளைக்கணும். எவ்வளவு வளைக்கணும்? படம் காட்டலாம்னு போனை எடுத்தா, சார்ஜ் இல்ல.

"படம் எதுக்கு? நீங்களே மனுஷன்தானே? வந்து நில்லுங்க."

செவுத்தை ஒட்டிப் பக்கவாட்டுல நின்னேன். அண்ணன் சாக்பீஸ் எடுத்து, என் முதுகை ஒட்டி, கழுத்துலேருந்து இடுப்பு வரைக்கும் செவுத்துல கோடு இழுக்க ஆரம்பிச்சாரு.

"நேரா நில்லுங்க சார்."

"நேராத்தான்ணே நிக்கிறேன்."

டீ குடிச்சிட்டிருந்த பக்கத்துப் பட்டறை ஆளுங்கல்லாம் வந்து சுத்தி நின்னுட்டாங்க. ஒருத்தர் சொன்னாரு, "விடுங்கண்ணே, சார் அதுக்கு மேல நிமிர மாட்டாரு."

கோட்டுல வச்சு வச்சுப் பார்த்து, ராடை வளைச்சு, எலும்பை எல்லாம் திரும்பக் கோத்துக் குடுத்தாரு. அச்சு அசல் அதே வளைவு. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு.

மறுநாள் எக்ஸாமினர் மேடம் வந்தாங்க. மாடலை ஒரு சுத்து சுத்திப் பார்த்தாங்க. பக்கவாட்டுல நின்னு இன்னொரு தடவை பார்த்தாங்க.

முதல் ஸ்டூடண்ட் நித்யாவைக் கூப்பிட்டாங்க. "இந்த ஆளுக்கு என்ன பிரச்சினைன்னு சொல்லும்மா."

நித்யா ஒரு நிமிஷம் கூட யோசிக்கல. "மேல் முதுகுல கூன் விழ ஆரம்பிச்சிருக்கு மேடம். கழுத்து முன்னாடி தள்ளியிருக்கு. சதா குனிஞ்சு போன் பார்க்கிறவரா இருப்பாரு. எக்சர்சைஸ்னா என்னன்னே தெரியாது."

"வெரி குட்!" ஃபுல் மார்க் போட்டாங்க. அப்புறம் என் பக்கம் திரும்பினாங்க.

"சாதாரண மாடலைத்தான் எல்லாக் காலேஜ்லயும் வைக்கிறாங்க. நீங்க ஒரு பேஷண்ட்டையே வச்சிருக்கீங்களே சார்! இந்த மாதிரி முதுகு எங்க கிடைச்சுது?"

"அரியமங்கலத்துல மேடம்"னு சொன்னேன், முடிஞ்ச வரைக்கும் நிமிர்ந்து நின்னுக்கிட்டு.