மயிலுக்கு ஒரு காரக்கடலை

புது மாப்பிள்ளைக்கு மாமனார் வீட்டில் கிடைக்கும் மரியாதை ஆபத்தான வஸ்து. என்ன உளறினாலும் நாலு பேர் தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலை நம்பித்தான் நான் நாசமாய்ப் போனேன்.

கல்யாணமான முதல் ஆடி. புதுக்கோட்டையில் இன்சூரன்ஸ் வேலை பார்க்கும் நான் (அடுத்தவர் நஷ்டத்தைப் பற்றி வாய் கிழியப் பேசுவதுதான் தொழில்) விருந்துக்காக விராலிமலைப் பக்கம் மாமனார் ஊருக்குப் போயிருந்தேன். மழை பெய்து நிலம் பதமாக இருந்தது. மறுநாள் கடலை விதைப்பு. ஆனால் மாமனார் முகத்தில் களையே இல்லை.

"மயிலுதான் மாப்ள. போன வருசம் பாதி விதையக் கெளறித் தின்னுட்டுப் போயிருச்சுக. இந்த வருசம் கையில இருக்கிறது இம்புட்டுத்தான். இதுவும் போச்சுன்னா காடு சும்மாதான் கெடக்கும்."

"இதுக்கா மலைச்சுப் போய் உக்காந்திருக்கீங்க? விதையில மிளகாப்பொடியத் தடவி விடுங்க மாமா. ஒரு வாய் வச்சா ஜென்மத்துக்கும் அந்தப் பக்கம் எட்டிப் பாக்காது!"

மாமனார் மாமியாரைப் பார்த்தார். மாமியார் அரைத்து வைத்திருந்த மிளகாய்ப்பொடி டப்பாவைப் பார்த்தார். மாப்பிள்ளை பேச்சை யார் தட்டுவது? டப்பா காலி. பொடி ஒட்ட வேண்டுமே என்று நல்லெண்ணெயையும் ஊற்றி, பிரியாணிக்குக் கறி பிசைவதுபோல நானே பிசைந்தேன். பிறகு கையைத் தண்ணீரில் அலம்பிக்கொண்டு, இமை அரித்ததால் கண்ணைத் தேய்த்தேன்.

"ஐயையோ! கண்ணு போச்சு!"

நான் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. தண்ணீரை ஊற்ற ஊற்ற எரிச்சல் கூடியதே தவிர குறையவில்லை. கைகள் இரண்டும் தணலில் வைத்ததுபோல் காந்தின. விருந்துக்கு உறை ஊற்றிய தயிரை மாமியார் அப்படியே என் கைகளில் கவிழ்த்தார்.

என் மனைவி கவிதா பள்ளிக்கூடத்தில் விலங்கியல் டீச்சர். விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"மிளகாயில காப்சைசின்னு ஒண்ணு இருக்குங்க. அது நெசமாச் சுடாது. சூட்டை உணர்ற நரம்பை ஏமாத்தி, நெருப்பு பட்டுருச்சுன்னு நம்ப வச்சிரும். தண்ணியில கரையாது, எண்ணெயிலதான் கரையும். பறவைக்கு அந்த ஏமாத்து வேலை பலிக்காது. கிளி பழுத்த மிளகாயக் கொத்தித் திங்கிறதப் பாத்ததில்லையா? மயிலுக்கும் எரியாதுங்க!"

"எனக்கே இப்படி எரியுது! மயிலுக்கு எரியாதா?" என்று ஒற்றைக் கண்ணோடு கத்தினேன்.

"அவரு சொல்றதும் நாயந்தான் தாயி" என்றார் மாமனார். (பாவி மனிதர், அப்போதாவது என்னைத் திட்டியிருக்கக் கூடாதா?)

மறுநாள், விதை போட வந்த பெண்கள் கையில் பாலித்தீன் பையைக் கட்டிக்கொண்டு, என்னை வாழ்த்தியபடியே விதைத்தார்கள். வாழ்த்து என்னவென்று இங்கே எழுத முடியாது.

அதற்கடுத்த நாள் விடிந்ததும் நானும் மாமனாரும் கடலைக் காட்டுக்குப் போனோம்.  உழவு சால் சாலாக மயில்கள்! பந்தியில் உட்கார்ந்ததுபோல வரிசை பிசகாமல் கிளறிக் கிளறித் தின்றுகொண்டிருந்தன. ஒன்றுகூடத் தும்மவில்லை. ஒரு மயில் மட்டும் தலையை நிமிர்த்தி, இன்னும் இருக்கிறதா என்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டது. விரட்டக்கூட எனக்கு வாய் வரவில்லை. போனது அவர் விதை. எல்லாம் என் வாயால் வந்தது. அழுகையே வந்துவிட்டது.

மாமனார் குனிந்து மண்ணைக் கிளறிப் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"விடுங்க மாப்ள. அடுத்த தடவை கொஞ்சம் உப்பும் சேத்துருவோம். மயிலு ஒரு கொறையும் சொல்லிறக் கூடாதுல்ல."

என் சம்பளத்தில் வேறு விதை வாங்கி மறுபடியும் விதைத்தோம். முளை வரும்வரை தகரத் தட்டைத் தட்டிக்கொண்டு அந்தக் காட்டிலேயே காவல் கிடந்தேன். என் ஆடி விருந்து அந்த லட்சணத்தில் முடிந்தது.

இன்றைக்கும் நான் அந்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது எங்காவது ஒரு மயில் அகவிவிட்டால் போதும். வீட்டுக்குள்ளிருந்து மாமியார் குரல் கொடுப்பார்.

"ஏடி கவிதா, மாப்ள வந்துட்டாக போல. மயிலுக சாப்பாடு கேக்குதுக பாரு!"