ஆமை கேட்ட நகல்

ஒரு காட்டில், காவல் நிலையத்து நாவல் மரத்தடியில், மாசிலாமணி என்ற ஆமை தன் சிநேகிதன் வேலாயுதத்தைக் கடைசியாக உயிரோடு பார்த்தது.

வேலாயுதம் ஒரு முள்ளம்பன்றி. கிழங்கு தோண்டிப் பிழைப்பது. அன்று அதன் நான்கு கால்களையும் கொடியால் கட்டி மரத்தோடு சேர்த்து உட்கார வைத்திருந்தார்கள். காட்டில் அப்போது கொள்ளை ஒழிப்பு மாதம். கரடிகளின் தேனடைகளை யாரோ இரண்டு முறை வழித்துக்கொண்டு போய்விட்டார்கள். புகார் சிங்கத்திடம் போனது. சிங்கம் செந்நாய்களை அழைத்து, "முப்பது நாளில் கொள்ளை ஒழிந்திருக்க வேண்டும்" என்று கர்ஜித்தது. செந்நாய்கள் நல்ல உழைப்பாளிகள். கொள்ளைக்காரர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று அவற்றுக்குத் தெரியாது. முள்ளம்பன்றிகள் எங்கே இருக்கின்றன என்று தெரியும்.

"என்ன குத்தம் பண்ணினான் ஏட்டய்யா?" என்று மாசிலாமணி கேட்டது.

"ஆயுதங்களோட நடமாட்டம்" என்றது ஏட்டுச் செந்நாய்.

"அது முதுகுல தானா முளைச்சதுங்க."

"பேரு?"

"வேலாயுதம்."

"பாத்தீங்களா, பேருலயும் ஒண்ணு வெச்சிருக்கான்" என்று ஏட்டு அதையும் எழுதிக்கொண்டது.

வேலாயுதம் சிரித்தது. அதன் ஒரு பக்கத்துக் கண் வீங்கியிருந்ததால் பாதிச் சிரிப்புதான் வந்தது. "மாப்ளே, மேட்டுப் பக்கம் ஒரு கிழங்கு பாதி தோண்டி வெச்சிருக்கேன். மழைக்கு முன்னாடி எடுத்துறச் சொல்லு பேச்சிகிட்ட. இல்லேன்னா அழுகிடும்" என்றது.

பேச்சி அதன் மனைவி.

மாசிலாமணி கிளம்பும்போது ஏட்டு ஒரு தாளையும் மைப்பெட்டியையும் நீட்டியது. "வந்து பாத்துட்டுப் போனதுக்கு ஒரு அடையாளம் வெச்சுட்டுப் போங்க பெரியவரே."

அந்தக் காட்டில் எல்லோரும் கால்ரேகைதான் வைப்பார்கள். மாசிலாமணி மட்டும் யாரும் சொல்லிக் கொடுக்காமலே எழுதப் படிக்கக் கற்றிருந்தது. வனத்துறை நட்டு வைத்த எச்சரிக்கைப் பலகைகள்தான் அதன் பள்ளிக்கூடம். 'தீ மூட்டாதீர்', 'ஒலி எழுப்பாதீர்' என்று ஒவ்வொரு பலகைக்கு எதிரிலும் ஒரு கோடை முழுக்க உட்கார்ந்து பழகிய எழுத்து. அது மைப்பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, "பேனா இருக்குங்களா?" என்று கேட்டது.

ஏட்டு அசந்துபோனது. "அடேயப்பா! என்னா கையெழுத்து! கோயில்ல செதுக்கின மாதிரி இருக்கு. எங்க இன்ஸ்பெக்டருக்கே இப்படி வராது. இன்னொண்ணு போடுங்க, அவருக்குக் காட்டணும்."

மாசிலாமணி இன்னொரு தாளிலும் போட்டது. மூன்றாவது தாளில் கேட்காமலே போட்டது. பலகைக்கு எதிரில் கழிந்த அத்தனை கோடைகளில் யாரும் அதைப் பார்த்து அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மூன்றாம் நாள் தகவல் வந்தது. வேலாயுதம் தப்பி ஓடும்போது கால் இடறித் தன் முட்களின் மேலேயே விழுந்து செத்துப்போனதாம். முள்ளம்பன்றியின் முள் வெளிப்பக்கம்தான் குத்தும் என்பது காட்டில் குஞ்சு குளுவான்களுக்குக்கூடத் தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை. "கண்ணால கண்ட சாட்சியே இருக்கு. பொய்யா சொல்லப் போறோம்?" என்றது ஏட்டு. மாதக் கடைசியில் செந்நாய்களுக்குச் சிங்கம் பதக்கம் அணிவித்தது. அடுத்த வாரம் கரடிகளின் தேனடை மூன்றாவது முறையாகக் காணாமல் போனது. மாதம் முடிந்துவிட்டதால் அது கணக்கில் வரவில்லை.

பேச்சி அழவில்லை. வேலாயுதத்தைப் புதைத்த இடத்தில் ஒரு பிடி மண் அள்ளித் தேக்கிலையில் வைத்து நாரால் கட்டியது. "சாட்சி சொன்ன பாவி யாருன்னு எனக்குத் தெரியணும் அண்ணே. அவன் வாசல்ல இந்த மண்ணைத் தூத்தணும். அப்பத்தான் இந்தக் கட்டை வேகும்."

"நான் கண்டுபிடிச்சுத் தரேன் பேச்சி" என்றது மாசிலாமணி.

ஆமைகள் கொடுத்த வாக்கை மறப்பதில்லை. நேரம் மட்டும் எடுத்துக்கொள்ளும்.

பத்தொன்பது வருஷம் போனது. பேச்சியின் பெண்களை 'கொள்ளைக்காரன் வீட்டுப் பொண்ணுங்க' என்று சொல்லி யாரும் கட்டிக்கொள்ளவில்லை. கிழவியும் இரண்டு கிழட்டுப் பெண்களுமாக ஒரே வளையில் இருந்தார்கள். மாசிலாமணியின் மனைவியும் இதற்கிடையில் காலமாகிவிட்டது. அதன் பிறகு பேச்சி வீட்டில் தினம் ஒரு வேளை கிழங்கு அதற்கு என்று தனியே எடுத்து வைத்தார்கள். நமக்காக அலையப் போகிற அண்ணன் என்று.

அப்போதுதான் காட்டில் ஒரு சட்டம் வந்தது. எந்த மிருகமும் எந்தக் கோப்பையும் கேட்கலாம். முப்பது நாளில் பதில் தரவேண்டும். மாசிலாமணி அன்றே மனு எழுதியது. கொள்ளை ஒழிப்பு மாதத்தின் ஆவணங்கள் எல்லாம் வேண்டும். வேலாயுதத்துக்கு எதிராகச் சாட்சி சொன்னவர் பெயர் வேண்டும். பழக்க தோஷத்தில் கடைசி வரியில் 'தாமதிக்காதீர்' என்று போட்டுக் கீழே கையெழுத்திட்டது. வயதானாலும் எழுத்தில் ஒரு கோணல் இல்லை.

தகவல் அலுவலர் ஓர் ஆந்தை. அலுவலக நேரம் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை என்று சட்டம் சொல்லியிருந்தது. ஆந்தை அந்த நேரத்தில் தவறாமல் இருக்கையில் இருந்தது, தூங்கிக்கொண்டு. மாசிலாமணி டோக்கன் எடுத்து வரிசையில் நின்றது. முன்னால் இரண்டே பேர். மாலை வரை இரண்டே பேராகத்தான் இருந்தார்கள். தன்னைவிட மெதுவாகப் போகும் ஒன்றை ஆமை வாழ்க்கையில் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தது.

முப்பதாம் நாள் பதில் வந்தது. பிடிபட்டோர்: நாற்பத்தொருவர். பறிமுதலான ஆயுதங்கள்: பன்னிரண்டாயிரத்து நானூற்றாறு முட்கள். மீட்கப்பட்ட தேன்: இல்லை. கொள்ளை: ஒழிந்தது. சாட்சி பற்றிய கோப்பு தற்போது கரையான்களின் வசம் உள்ளது.

மாசிலாமணி நேரே போய் ஆந்தையை எழுப்பியது. "கரையான்களைக் கேளுங்களேன் ஐயா."

"கேட்டாச்சு. இன்னும் படிச்சு முடிக்கலையாம்" என்றது ஆந்தை, ஒரு கண்ணை மட்டும் திறந்து.

"எப்ப முடிப்பாங்களாம்?"

"பசியைப் பொறுத்ததுன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க."

மேல்முறையீடு செய்தது. நினைவூட்டல் எழுதியது. அதற்கும் ஒரு நினைவூட்டல் எழுதியது. இரண்டு மழைக்காலம் கழிந்தது. கடைசியில் கரையான்கள், அந்த ஒரு கோப்பு மட்டும் தங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, வயிற்றைப் பிடுங்குகிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டன.

ஒரு காலையில் தபால்காரக் கொக்கு இரண்டு உறைகளைக் கொண்டுவந்து போட்டது. "ரெண்டும் உமக்குத்தான். ஒரே ஆபீசு. ஒரே உறையில போட்டா அவங்களுக்கு என்ன கேடோ, சுமக்கிறது நான்தானே" என்று புலம்பிவிட்டுப் போனது.

முதல் உறையில் 'மனுதாரர் கவனத்துக்கு' என்றிருந்தது. கோப்பு கிடைத்துவிட்டது. சாட்சியின் பெயரை வெளியிடுமுன் அவருடைய சம்மதத்தைக் கேட்பது விதி. சட்டத்தில் அவருக்கு மூன்றாம் தரப்பு என்று பெயர். அவருக்குக் கடிதம் அனுப்பியாயிற்று. காத்திருக்கவும்.

மாசிலாமணி இரண்டாவது உறையைப் பிரிக்கவில்லை. அது ஒப்புகைச் சீட்டாக இருக்கும் என்று ஓட்டுக்கடியில் செருகிக்கொண்டு பேச்சி வீட்டுக்கு விரைந்தது. மத்தியானம்தான் போய்ச் சேர முடிந்தது.

"உசுரோட இருக்கான் பேச்சி! கடிதாசி போட்டிருக்காங்களாம்."

"இத்தனை வருஷமும் தின்னுத் தூங்கி எந்திரிச்சு இருந்திருக்கான் பாருங்கண்ணே" என்றது பேச்சி. எழுந்துபோய் மாடத்திலிருந்து தேக்கிலைப் பொட்டலத்தை எடுத்து ஊதித் தூசி தட்டியது. இலை மக்கிப்போயிருந்ததால் புது இலையில் மாற்றிக் கட்டியது. அன்றைக்கு ஆமைக்கு இரண்டு கிழங்கு வைத்தது.

குளத்துக்குத் திரும்பிய பிறகு மாசிலாமணி இரண்டாவது உறையைப் பிரித்தது. 'மூன்றாம் தரப்பு கவனத்துக்கு' என்றிருந்தது. உறையின் மேல் விலாசத்தை மறுபடி பார்த்தது. தன் விலாசம்தான். கொக்கு தவறுவதில்லை.

உடன் ஒரு நகல் இணைத்திருந்தார்கள். 'மேற்படி வேலாயுதம் பன்னிரண்டு கொள்ளைகளில் ஈடுபட்டதையும், தப்பி ஓடி, தன் முட்களின் மேல் தானே விழுந்ததையும் என் கண்ணால் கண்டேன்.' எழுத்து யாருடையதோ. கிறுக்கலான, சாய்ந்த எழுத்து. அதன் கீழே, கோயிலில் செதுக்கினாற்போல், மாசிலாமணி என்ற கையெழுத்து.

கடைசிப் பக்கத்தில் ஒரு படிவம். 'ஆட்சேபம் உண்டு / இல்லை. பொருந்தாததை அடிக்கவும். அவகாசம் பத்து நாள்.'

ஒன்பது நாள் மாசிலாமணி ஓட்டுக்குள்ளேயே இருந்தது. 'தெரியாமல் போட்டேன்' என்று பேச்சியிடம் சொல்லிவிடலாம் என்று ஒரு நாள் நினைத்தது. ஏட்டு புகழ்ந்ததையும், மூன்றாவது தாளில் கேட்காமலே போட்டதையும் சொல்லவேண்டி வருமே என்று மறுநாள் நினைத்தது. பத்தாம் நாள் படிவத்தை எடுத்து, 'இல்லை' என்பதை அடித்தது. காரணம் என்ற கட்டத்தில், 'மனுதாரர் மனம் புண்படும்' என்று எழுதியது. கையெழுத்துப் போடும் இடம் வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, காலை மையில் தோய்த்து ரேகை வைத்தது.

அலுவலகத்தில் மனுதாரர் கோப்பு ஒரு மேசை, மூன்றாம் தரப்புக் கோப்பு வேறு மேசை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் வேலை யாருக்கும் ஒதுக்கப்படவில்லை. ஆகவே மனு நிராகரிக்கப்பட்டது.

"அவன் ஒத்துக்க மாட்டேங்கறான் பேச்சி" என்றது மாசிலாமணி.

"ஏனாம்?"

"அவனுக்கும் மானம் இருக்கும்ல."

"மானம் உள்ளவன் செய்யற வேலையா அண்ணே அது? விடாதீங்க. இன்னும் மேல போங்க."

மாசிலாமணி மேலே போனது. போகாமல் இருந்தால் பேச்சி காரணம் கேட்கும். விசாரணைக்கு அதிகாரியாக ஒரு கரடி வந்து உட்கார்ந்தது. எதிரே இரண்டு நாற்காலி. ஒன்று மனுதாரருக்கு, ஒன்று மூன்றாம் தரப்புக்கு. பேச்சி மடியில் பொட்டலத்தோடு பின்வரிசையில் காத்திருந்தது. யார் வந்து அந்த இன்னொரு நாற்காலியில் உட்காருவார்கள் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது.

"மனுதாரர்?"

"வந்திருக்கேனுங்க" என்றது மாசிலாமணி.

"மூன்றாம் தரப்பு?"

ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

"மூன்றாம் தரப்பு?" என்று கரடி இன்னொரு முறை கூப்பிட்டது. தாளைப் புரட்டிப் பார்த்தது. "கால்ரேகை வெச்சிருக்கான். பாவம், படிப்பறிவு இல்லாத ஆளு. தேதி தெரிஞ்சிருக்காது" என்று விசாரணையை ஒத்தி வைத்தது.

இப்படிப் பதினோரு முறை ஒத்திவைத்தார்கள். பதினோரு முறையும் மனுதாரர் ஆஜரானதைக் கரடி பாராட்டிக் குறிப்பு எழுதியது. சிநேகிதனுக்காக இப்படி அலைகிறவர் உண்டா என்று காட்டில் பேசிக்கொண்டார்கள்.

பன்னிரண்டாவது தேதிக்கு முந்தின வாரம் பேச்சிக்கு மூச்சுத் திணறியது. மாசிலாமணி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தது.

"பேச்சி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"ஒண்ணும் சொல்ல வேணாம் அண்ணே. எனக்குத் தெரியும்."

மாசிலாமணிக்கு ஓடே கனத்தது. "என்ன தெரியும்?"

"உங்களால முடிஞ்சதெல்லாம் செஞ்சுட்டீங்க. கூடப் பிறந்தவன்கூடச் செய்ய மாட்டான்." பேச்சி பொட்டலத்தை எடுத்து ஆமையின் முன்னால் வைத்தது. "எனக்கு நடக்க முடியாது. அவன் கிடைச்சா, அவன் வாசல்ல நீங்களே இதைச் சேர்த்துடுங்க."

மாசிலாமணி சரி என்றது. பேச்சி அன்று மாலையே போய்விட்டது.

ஆமைகள் நெடுநாள் வாழும். ஏட்டு செத்தது, ஆந்தை ஓய்வு பெற்றது. விசாரணை இன்னும் நடக்கிறது. தேக்கிலையில் கட்டிய ஒரு பிடி மண் மாசிலாமணியின் வாசலில் இருக்கிறது.

நீதி: கையெழுத்து அழகாக உள்ளவர்கள் பழைய கோப்புகளைக் கேட்கக் கூடாது.