நுமாட்டா வீட்டுக் கழியில் வெள்ளி முள்ளங்கி

"இதையெல்லாம் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா நாலு ரிம் வாங்கிக்குங்க தாத்தா" என்று டயர் கடைப் பையன் பல்லைக் காட்டியபோதே கின்ஜிக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. துருப் பிடித்தால் தூக்கிப் போடுவதா? அப்படிப் பார்த்தால் அசாஹிகாவா ஊரில் பாதி ஆம்பிளைகளைத் தூக்கிப் போட வேண்டும்.

"முதல்ல உன் கடையைத் தூக்கிப் போடுடா" என்று சொல்லிவிட்டு, பனிக்கால டயரோடு இருந்த நாலு ரிம்மையும் திரும்ப வண்டியில் ஏற்றினார். வரும் வழியில் வெள்ளி நிற ஸ்பிரே பெயின்ட் டப்பாக்களை வாங்கினார். டப்பாவின் முதுகில் ஏதேதோ பொடி எழுத்தில் இருந்தது. எழுதியவன் தன் பிழைப்புக்கு எழுதியிருப்பான், நமக்கென்ன என்று அதை அவர் படிக்கவில்லை.

மலை உச்சி ஏற்கெனவே வெளுத்துவிட்டது. இன்றோ நாளையோ பனி ஊருக்குள்ளும் இறங்கும். மனைவி ஃபுசாயே தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தாள். 'வேணாங்க' என்று சொல்லக்கூட வீட்டில் ஆளில்லை.

உப்புத்தாளால் துருவைத் தேய்த்தார். டயரின் மேல் பழைய செய்தித்தாளைச் சுற்றி ஒட்டினார். பெயின்ட் காய வெயில் வேண்டும். அவர் வீட்டு முற்றத்தில் அது விழுந்து தொலையாது. நுமாட்டா வீட்டு எல்லை ஓரம்தான் கொஞ்சம் விழும். ரிம்களை அங்கே உருட்டிக்கொண்டு போனார்.

பக்கத்து வீட்டு நுமாட்டா என்றால் கின்ஜிக்கு வேப்பங்காய். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு துண்டு காலி இடம். கூரையிலிருந்து தள்ளுகிற பனியை அங்கேதான் கொட்ட வேண்டும். இல்லையென்றால் ஆற்றங்கரை வரை இழுத்துக்கொண்டு போக வேண்டும். கின்ஜியின் இடுப்பு அதற்குத் தாங்காது. போன குளிர்காலத்தில் இரண்டு பேரும் ஆளுக்கொரு மண்வெட்டியோடு அங்கே நின்று கத்தியதில் தெருவே ஜன்னலைத் திறந்து வேடிக்கை பார்த்தது.

"தப்பு என்னுதுன்னு என்னைக்கு உன் முன்னாடி குனியறேனோ, அன்னைக்கு இந்த இடத்தை நீயே வச்சுக்கோய்யா!" என்றார் கின்ஜி.

நுமாட்டாவும் அதையே திருப்பிச் சொன்னார். அதோடு பேச்சு வார்த்தை நின்றது. 'அந்த வீட்டுப் பக்கம் தலை வச்சும் படுக்கக் கூடாது' என்று ஃபுசாயேவுக்கும் உத்தரவு போட்டாயிற்று.

கின்ஜி டப்பாவை அழுத்தினார். முதல் ரிம் புது வெள்ளித் தட்டு மாதிரி ஆனது.

"டேய் பொடியா, இப்ப வந்து பாருடா!" என்று அங்கே இல்லாத டயர் கடைப் பையனிடம் சொன்னார்.

இரண்டாவதும் ஆனது. மூன்றாவதற்கு வந்தபோது காற்று எங்கிருந்தோ வந்தது. வெள்ளிப் புகை ரிம்மில் பாதிதான் இறங்கியது. மீதி எல்லையைத் தாண்டிப் போய், நுமாட்டா வீட்டுக் கழியில் ஊறுகாய்க்காகக் காய்ந்துகொண்டிருந்த முள்ளங்கி வரிசையின் மேல் உட்கார்ந்தது.

முள்ளங்கி ஒவ்வொன்றும் கல்யாணத்துக்குக் கிளம்பியது போல மின்னியது.

"சனியன் பிடிச்ச காத்து!"

கந்தல் துணியை எடுத்துத் துடைத்தார். புள்ளி புள்ளியாக இருந்தது பூச்சாகப் பரவியது. பெயின்ட் கரைக்கும் தின்னரில் துணியை நனைத்து அழுத்தித் தேய்த்தார். வெள்ளி போய்ச் சாம்பல் நிறம் வந்தது; மூக்கைத் துளைக்கிற நாற்றமும் வந்தது. வேறு முள்ளங்கி வாங்கி மாட்டலாமா? இவை வெயிலில் கிடந்து வாடியவை. புதிது கொழுகொழுவென்று காட்டிக் கொடுத்துவிடும்.

கோபத்தில் இன்னும் பலமாக இழுத்துத் தேய்த்தார். கயிறு அறுந்தது. ஒரு கொத்து முள்ளங்கி அப்படியே ஈர ரிம்மின் மேல் விழுந்து ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தார். பெயின்ட் முள்ளங்கியோடு வந்துவிட்டது. ரிம்மில் முள்ளங்கித் தோல் தங்கிவிட்டது.

தோலைச் சீவிவிட்டால் யாருக்குத் தெரியும்? சமையலறைக் கத்தியைக் கொண்டு வந்தார். வாடிய முள்ளங்கியைச் சீவுவது பழைய செருப்பைச் சீவுவது மாதிரிதான். வெள்ளி போனது. முள்ளங்கியும் போனது. கட்டை விரல் கனத்துக்கு மிஞ்சியதைக் கழியில் தொங்கவிட்டார். எலி வால் மாதிரி ஆடியது.

"சமையல் வேலை எல்லாம் பார்க்கிறியாய்யா?"

பின்னால் நுமாட்டா, கையைப் பின்பக்கம் கட்டிக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரமாக நிற்கிறானோ, திருட்டுப் பயல்.

"காத்துய்யா. காத்துதான் பண்ணுச்சு."

"டப்பாவையும் காத்துதான் வாங்கிட்டு வந்துச்சா?"

"உன்னை யாரு இவ்வளவு ஓரமா கழி நடச் சொன்னா?"

"கழி என் இடத்துலதான் நிக்குது. உன் பெயின்ட்டுதான் விசா இல்லாம வந்திருக்கு."

கின்ஜி கத்தலுக்குக் காத்திருந்தார். கத்தினால் திருப்பிக் கத்தலாம். அது அவருக்குக் கைவந்த வேலை. ஆனால் நுமாட்டா கத்தவில்லை. முள்ளங்கியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"கத்தித் தொலையேன்யா!"

"கத்தி என்ன ஆகப்போகுது? ஒவ்வொண்ணா கழுவி, கயித்துல கோத்து, ஒரு பொம்பளை இடுப்பு ஒடியக் காயப்போட்டது. குளிர்காலம் பூரா சோத்துக்குத் தொட்டுக்க இதுதான். அவ வந்து பார்த்தா மனசு என்ன பாடுபடும்? அதைத்தான் நினைச்சேன்."

பாடுபடுவது நுமாட்டாவாக இருந்தால் கின்ஜி எகிறிவிட்டுப் போயிருப்பார். ஆனால் அவன் பெண்டாட்டி தொமிகோ நல்ல பொம்பளை. தெருவில் பார்த்தால், சண்டை கிண்டை பார்க்காமல் "என்னண்ணே, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்கிறவள். அவள் சோற்றில் தின்னரை ஊற்றிய பாவம் வேண்டாம்.

பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தார். இடுப்பெலும்பே 'வேண்டாம்' என்று முனகியது.

"தப்பு என்னுதுதான்."

"காதுல விழலையே."

"தப்பு என்னுதுதான்யா! காதுல என்ன, போன வருஷத்துப் பனியா அடைச்சிருக்கு?"

"இப்ப விழுந்துச்சு. அப்ப அந்த இடம்?"

சொன்ன சொல் சொன்னதுதான்.

"எடுத்துக்கோ. உன் பனியை எல்லாம் கொண்டாந்து கொட்டித் தொலை. நான் ஆத்துக்கே இழுத்துட்டுப் போறேன்."

நுமாட்டா உள்ளே போய்ச் சிவப்புத் துணி கட்டிய குச்சிகளையும் சுத்தியலையும் எடுத்து வந்தார். இனி எல்லை இதுதான் என்பது போல, கின்ஜி வீட்டுச் சுவரை ஒட்டி ஒவ்வொன்றாக அடிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு அடியும் கின்ஜியின் நெஞ்சில் விழுந்தது. பரவாயில்லை, நாணயமாக நடந்துகொண்டோம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, முள்ளங்கித் தோல் ஒட்டிய ரிம்மை உருட்டப் போனார்.

அந்த நேரம் பார்த்துத் தொமிகோ கடையிலிருந்து வந்து சேர்ந்தாள். கழியைப் பார்த்ததும் கையிலிருந்த பை கீழே விழுந்தது.

"ஐயய்யோ, என்னண்ணே இது! உங்க வீட்டுல வெயில் விழலைன்னு, உங்களுக்குத் தெரியாம ஃபுசாயே அக்கா எங்க கழியில காயப்போட்டு வச்சிருந்த முள்ளங்கியாச்சே!"