கல் மிதந்தது, சங்கு நடந்தது

அன்புள்ள மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதுவது.

நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். நீங்களும் மகளும் அங்கே சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் ஆசை. இந்தச் சௌக்கியத்தில் மீன்களை நான் சேர்க்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். போனில் சொன்னால் நடுவில் கேள்வி கேட்பீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச ஆளில்லை என்பதால் பேனாவை எடுத்தேன்.

வெளியூர் வேலைக்குக் கிளம்பும்போது உங்கள் உப்புத்தண்ணீர் மீன்தொட்டியை எங்கள் கூடத்தில் வைத்துவிட்டு, "மாமா, தீனி மட்டும் போடுங்க. வேற எதுவும் செய்ய வேண்டாம்" என்று சொன்னீர்கள். நானும் பூம்பூம் மாடு போலத் தலையை ஆட்டினேன். ஆனால் காலமெல்லாம் விழா மேடை அலங்காரம் செய்து பிழைத்தவன் நான். காலி இடத்தைக் கண்டால் எதையாவது சொருகாமல் என் கை அடங்காது. வெறும் மணல், நாலைந்து சாம்பல் நிறக் கற்கள், நடுவில் வெள்ளைப் பட்டை போட்ட அந்த ஆரஞ்சு மீன் ஜோடி! அலங்காரமே இல்லாத மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் நிற்பதைப் பார்த்தது போல எனக்கு மனசே ஆறவில்லை. அதற்காகப் பிளாஸ்டிக் பூவைத் தொடுகிறவனா நான்? எல்லாம் இயற்கையாக இருக்க வேண்டும் என்பது என் தொழில் கௌரவம்.

முதலில் தோட்டத்திலிருந்து முறுக்கிய வேர் ஒன்றைக் கழுவி இறக்கினேன். மறுநாளே தண்ணீர் பழுப்பாகிவிட்டது. உங்கள் அத்தை எட்டிப் பார்த்து, "டீ நல்லா இறங்கியிருக்கு, சர்க்கரை போட்டாச்சா?" என்றாள். வேரை எடுத்துத் தண்ணீரை மாற்றினேன். அடுத்து அவள் குதிகால் தேய்க்கும் ஓட்டைக் கல்லைக் குளியலறையிலிருந்து யாருக்கும் தெரியாமல் எடுத்துவந்து பாறையாக வைத்தேன். கல் மிதக்கும் என்று யாராவது கனவு கண்டார்களா? அது மேலே வந்து நின்றது. அழுத்தினேன், மறுபடி வந்தது. நான் அழுத்த, அது வர, முழங்கை வரை உப்பு. அந்த நேரம் பார்த்துப் பின்னால் ஒரு குரல், "ஓ, என் கல்லு இங்கதான் குளிக்குதா?" அத்தோடு விட்டிருந்தால் நான் மனுஷன். உடம்பு தேய்க்கும் பீர்க்கங்காய் நார், அசல் பவளம் போல இருக்கிறதே என்று நட்டேன். அது ஊறிப் பிய்ந்து வடிகட்டியை அடைத்துக்கொள்ள, மோட்டார் குறட்டை விட்டது. அரைத் தேங்காய்ச் சிரட்டையில் வாசல் வெட்டிக் குகையாகக் கவிழ்த்தேன். அது மட்டும் சொன்ன பேச்சைக் கேட்டது.

கடைசியாகக் கடற்கரையில் பொறுக்கிய இரண்டு சங்குகளை மேடைத் தூண்கள் மாதிரி இடமொன்று வலமொன்றாக வைத்தேன். காலையில் பார்த்தால் இரண்டும் வலப்பக்கம். "என் அலங்காரத்தில் யார் கை வைத்தது?" என்று கத்தினேன். "நீங்க தொட்டதையெல்லாம் தொட எனக்கு வேற வேலை இல்லையா?" என்று அவள் பதிலுக்குக் கத்த, எங்கள் இருவருக்கும் நடுவே சங்கு கால் முளைத்து நடந்து போனது. உள்ளே நண்டு குடியிருந்திருக்கிறது.

அன்றுதான் மாப்பிள்ளை, உங்கள் ஆண் மீனைக் காணவில்லை. எண்ணிப் பார்க்க இரண்டே மீன், அதிலும் ஒன்று குறைகிறது. நண்டின் வேலைதான். அதை உள்ளே விட்டவன் நான். நண்டைக் கடல்தண்ணீர் வாளியில் சிறை வைத்து, நான் வைத்த அலங்காரத்தையெல்லாம் வாரி வெளியே கொட்டினேன். சிரட்டையை மட்டும் எடுக்க முடியவில்லை. கை வைத்தால் பெண் மீன் பாய்ந்து கடிக்கிறாள். துணையைப் பறிகொடுத்தவள், கொன்றவனைக் கடிக்காமல் கொஞ்சுவாளா? அவளுக்குத் தீனி போடும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். நீங்கள் என்னை நம்பிக் கொடுத்த ஒரே பொருள் அது. எனக்கு வெட்கமாக இருக்கிறது, வருத்தமாகவும் இருக்கிறது. சீக்கிரம் வந்து தொட்டியை எடுத்துப் போய்விடுங்கள். இனி ஒரு பூச்சாடியைக்கூட நகர்த்த மாட்டேன்.

மகளுக்கு என் ஆசி. உங்களுக்கும்தான், மன்னித்த பிறகு எடுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மாமனார்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது உங்கள் அத்தை டார்ச்சோடு கூப்பிட்டாள். "கொலைகாரரே, கொஞ்சம் இங்க வந்து பாருங்க." சிரட்டைக்குள் ஆண் மீன் உயிரோடு இருக்கிறான். கூரை முழுக்க முட்டை. அப்பாக்காரன் துடுப்பால் விசிறிக்கொண்டிருக்க, அம்மாக்காரி வாசலில் காவல். நண்டிடம் மன்னிப்புக் கேட்டுக் கடலில் விட்டு வந்தாயிற்று. உங்களிடம் கேட்ட மன்னிப்பை வாபஸ் வாங்குகிறேன். தொட்டியை எடுக்க வர வேண்டாம். பிள்ளை பெற்றவர்களை உடனே வீடு மாற்றும் பழக்கம் நம் குடும்பத்தில் கிடையாது.